கையை எடுத்தால் போச்சு

அந்தத் தெருவில் முதலில் கதவு திறப்பது பேக்கரி. கடைசியில் திறப்பது எங்கள் பழைய சாமான் கடை. பேக்கரியில் ரொட்டி வேகிற வாசனை தெருமுனை வரைக்கும் வரும். எங்கள் கடை வாசனை வாசற்படியைத் தாண்டாது. ஆனால் ஒரு தடவை உள்ளே வந்து அதை மூக்கில் ஏற்றிக்கொண்டவர்களை லேசில் விடாது. பழைய மரம், அந்துருண்டை, காய்ந்த கம்பளி, யார் வீட்டிலோ வெகுநாள் மூடிக் கிடந்த அலமாரி, எல்லாம் கலந்த வாசனை அது. எங்கள் கடை என்று வாய் தவறிச் சொல்கிறேனே தவிர, கடை என்னுடையது இல்லை. வாசலை ஒட்டி ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குள் ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, ஊசி குத்திவைக்க ஒரு குட்டித் தலையணை, அவ்வளவுதான் நான். கடையில் வாங்கின துணியை அங்கேயே உடம்புக்குத் தகுந்தபடி குறைத்து, பிரித்து, பொத்தான் மாற்றிக் கொடுப்பது என் வேலை. எல்லாரும் என்னை டெய்லரக்கா என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்றும் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கடையின் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்கத் தள்ளுவண்டிக்காரர் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கிற துணி, பாத்திரம், விளக்கு, குடை எல்லாம் பின்பக்கக் கோடவுனில் பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமை காலையில்தான் மூட்டையைப் பிரித்து நடுக்கூடத்து மேசைகளில் கொட்டுவார்கள். ஒரு காலத்தில் ஒரே ஒரு கம்பளிப் போர்வையை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து இழுத்து, அது டர்ரென்று கிழிந்து, கடைசியில் இரண்டு பேருமே வேண்டாம் என்று போய்விட்டார்கள். கடைக்காரருக்கு வயிறு எரிந்துபோனது. அன்றைக்குப் போட்டார் சட்டம்: கை வைத்தவருக்கே பொருள். கையை எடுத்தால் போச்சு. அடுத்தவர் கை வைத்துவிட்டால் அழுதாலும் புரண்டாலும் கிடைக்காது. கடையில் வேலை செய்கிறவர்கள் மத்தியானம் வரைக்கும் எதையும் தொடக் கூடாது. வாசலில் உட்கார்ந்திருக்கிற நானும் அதில் சேர்த்தி.

சட்டம் வந்த பிறகு சனிக்கிழமைக் கூத்தைப் பார்க்கக் கண் போதாது. எடுத்ததைக் கீழே வைக்க முடியாதே. கக்கத்தில் குடை, கழுத்தில் மூன்று மப்ளர், தாடைக்கு அடியில் ஒரு பூச்சாடி என்று மனிதர்கள் நடப்பார்கள். ரிட்டயரான தபால்காரர் ஒருவர் இரண்டு கையும் காலியாக வேண்டும் என்பதற்காகத் தலையில் தொப்பிமேல் தொப்பியாக மாட்டிக்கொண்டு திரிவார். தொப்பித் தாத்தா என்று பெயரே வந்துவிட்டது. அத்தனை தொப்பியும் அவருக்கு எதற்கு என்று கேட்டால், 'எதுக்குன்னு வீட்டுக்குப் போய் யோசிச்சுக்கிறேன்' என்பார். அந்த முகத்தில் இருக்கிற சந்தோஷத்தைப் பார்த்தால் மேற்கொண்டு கேட்கத் தோன்றாது.

இந்தக் கூட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவள் ஒரு பெண். ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் வேலை. குப்பையைக் கிளறுகிற மாதிரி குவியலைக் கிளறுவாள் என்பதால் கடையில் அவளுக்குக் கோழி என்று பெயர். கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள் துணி பார்க்கிற அழகே தனி. முதலில் கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் குவியலுக்குள் விடுவாள். கை ஓரிடத்தில் நின்றுவிடும். அப்புறம்தான் கண்ணைத் திறப்பாள். எடுத்ததை உடனே உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பாள். முழங்கையைத் தடவுவாள், பையில் கையை விட்டுப் பார்ப்பாள், கடைசியில் மோந்து பார்ப்பாள். இதைப் போட்டிருந்தவர் இடதுகைக்காரர், இவர் குண்டாகிக்கொண்டே போயிருக்கிறார், இந்தச் சட்டையை யாரோ ஆசையாகத் துவைத்திருக்கிறார்கள் என்று என்னிடம் வந்து கதை சொல்வாள். பாதி கப்சாதான். எனக்கும் ஊசி ஓட்ட ஒரு பேச்சு வேண்டுமே, கேட்டுக்கொள்வேன்.

புதுத்துணிக் கடை பக்கம் ஏன் போவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். ஏனென்றால் அவளுடைய அக்காவுக்கு வேலையே பெரிய தெருவில் இருக்கிற புதுத்துணிக் கடையில்தான்.

"அங்க உள்ள நுழைஞ்சதும் என்ன வேணும்னு கேக்கறாங்க டெய்லரக்கா. எனக்கு என்ன வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்? இங்க வந்து கை வெச்சாத்தானே தெரியுது."

அக்காவும் தங்கையும் குடியிருந்தது நான் குடியிருக்கிற அறைக்கு நேர் மேலே. படியேறினால் ஒரு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு ஜன்னல். தாய் தகப்பன் இல்லை. அம்மா வீடுகளில் பாத்திரம் தேய்த்து இவர்களை வளர்த்து, சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து பெரியவள்தான் எல்லாம். காலையில் டீ போட்டு, ரொட்டி சுட்டு, முட்டை அவித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போவாள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டு, வாடிக்கையாளர் உதறிப் போட்டதையெல்லாம் மடிப்பாள். அந்தக் கை மடித்தால் சட்டை காகிதம் மாதிரி நிற்கும். வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது. துடைக்கிற துணியைக்கூட நாலு மூலையும் பிடித்து மடிப்பாள்.

தங்கைக்கு அவள் வாங்குவதெல்லாம் புதுசு, அதுவும் விலைச்சீட்டுக் கிழிக்காத புதுசு. தனக்கென்று அவள் எதுவும் வாங்கி நான் பார்த்ததில்லை. கடையில் கொடுக்கிற சாம்பல் நிற யூனிஃபார்மும் அதே நிறக் கோட்டும்தான் வேலை நாளிலும் உடம்பில், லீவு நாளிலும் உடம்பில். அப்படிப்பட்டவளுக்குத் தங்கை கோழியாய்ப் போனதில் எவ்வளவு கசப்பு இருக்கும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. புதுசு விற்கிறவள் பழசைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறாள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

சண்டை வந்தது ஒரு பழுப்புக் கோட்டால். போன மழைக்காலத்தில் கோழி குவியலின் அடியிலிருந்து இழுத்தெடுத்தது. உள்துணி கிழிந்து தொங்கியது, ஒரு தோளில் பூச்சி அரித்த ஓட்டை. நானே வேண்டாமடி என்றேன். அவள் கேட்கவில்லை. வேலை விட்டு வந்து தினமும் என் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல அவளே பிரித்தாள், அவளே தைத்தாள். உள்துணிக்குப் பழைய திரைச்சீலை ஒன்றை வெட்டினோம். வெளியே பழுப்பு, உள்ளே சின்னச் சின்ன ஆரஞ்சுப் பூ. மழை முடிவதற்கும் கோட்டு முடிவதற்கும் சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தாள் பாருங்கள், எனக்கே கர்வமாக இருந்தது.

இந்த வருஷம் குளிர் ஆரம்பித்த ஒரு சாயங்காலம் தலைக்கு மேலே நாற்காலி நகர்ந்தது, குரல் உயர்ந்தது, அப்புறம் ஒரேயடியாக அமைதி. காலையில் கோழி படியிறங்கி வந்தபோது கண் வீங்கியிருந்தது. அக்கா அந்தக் கோட்டைத் தள்ளுவண்டிக்காரரிடம் தூக்கிப் போட்டுவிட்டாளாம். பதிலுக்குக் கட்டிலின்மேல் புதுக் கோட்டு ஒன்றைச் சீட்டோடு மடித்து வைத்திருந்தாளாம். அந்த வண்டித் துணியெல்லாம் மெத்தைக்குள் அடைக்கத்தான் போகும் என்று பெரியவளுக்கு நினைப்பு. அது நேரே எங்கள் கோடவுனுக்குத்தான் வரும் என்று கோழிக்குத் தெரியும்.

அவள் கடைக்காரரிடம் போய்க் கெஞ்சினாள். சனிக்கிழமைக்கு முன்னால் மூட்டையை அவிழ்க்க மாட்டேன், ஒருத்திக்கு அவிழ்த்தால் ஊருக்கே அவிழ்க்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலையிலோ அவளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய இடியை அப்புறம்தான் போட்டாள். பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் பார்த்துவிட்டாளாம். சனிக்கிழமை டியூட்டி முடிந்ததும் பெட்டியோடு போய்விடுவாளாம்.

"ஒரு கோட்டுக்காகவாடி?" என்றேன்.

"கோட்டுக்காக இல்ல. எனக்குப் பிடிச்சதைப் பார்த்தா அவளுக்கு அருவருப்பா இருக்கு. அந்த வீட்டுல நான் எப்படி இருக்கிறது?"

எனக்குப் பெரியவள்மேல் கோபம் வந்தது. மறுநாள் மெஷினை மூடிவிட்டு நேரே பெரிய தெருவுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி சட்டை அளவுவாரியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என்ன வேண்டும் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். மடிக்கிறவளைக் கூப்பிடு என்றேன். பெரியவள் என்னைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பின்பக்கம் சாமான் இறக்குகிற இடத்துக்கு அழைத்துப் போனாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று நான் நன்றாகத் திட்டினேன். ஆசை ஆசையாகத் தைத்ததைத் தூக்கிப் போட உனக்கு எப்படி மனசு வந்தது, சனிக்கிழமை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் யாருக்கு முட்டை அவிப்பாய் என்றெல்லாம் கேட்டேன். அவள் கையில் இருந்த காலி அட்டையைத் தட்டையாக்கி மடித்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா வேலை செஞ்ச வீட்டுல ஒரு பொண்ணு இருந்தா. அவ போட்டுக் கழிச்சதுதான் எனக்கு. ஒருநாள் ஸ்கூல்ல எல்லாரும் லைன்ல நிக்கிறப்போ, அந்தப் பொண்ணு வந்து என் காலரைத் திருப்பிப் பார்த்தா. 'இது என் பேரு தைச்ச கவுன். காமிக்கட்டுமா?'ன்னு எல்லாருக்கும் காமிச்சா." மடித்த அட்டையைச் சுவரில் சாய்த்தாள். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து தொட்டில்ல கிடந்த இவளைப் பார்த்து சொன்னேன். உன் காலரை ஒருத்தரும் திருப்பிப் பார்க்க விட மாட்டேன்னு. இப்ப அவளே தேடிப் போய் ஊரான் துணிய வாங்கிட்டு வந்து, காலரைத் திருப்பி என்கிட்டயே காமிக்கிறா. என்னால பார்க்க முடியலக்கா."

திட்ட வந்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். இதைத் தங்கையிடம் என்றைக்காவது சொல்லியிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். பிறகு விஷயத்தைச் சொன்னேன்: கோட்டு மெத்தைக்குப் போகவில்லை, சனிக்கிழமை காலையில் மேசையில் கொட்டுவார்கள், நீ வந்து கை வை, என்னால் தொட முடியாது. கை வைத்தால் எடுக்காதே என்று இரண்டு தடவை சொன்னேன். அந்த மாதிரிக் கடைக்குள் காலெடுத்து வைக்க என்னால் முடியாது என்றாள். அப்படியானால் பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு விடுதியில் விட்டுவிட்டு வா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை நல்ல மழை. கோழி டியூட்டிக்குப் போகிற வழியில் தன் பெட்டியைக் கொண்டுவந்து என் தடுப்புக்குள் வைத்தாள். அது பித்தளைப் பூட்டுப் போட்ட தோல் பெட்டி, அதுவும் எங்கள் கடையில் எடுத்ததுதான். மத்தியானம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னவள், மேசைப் பக்கம் ஏக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினாள். அவள் அக்கா வருவாள் என்று நான் சொல்லவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை.

கதவு திறந்தது. கூட்டம் உள்ளே பாய்ந்தது. தொப்பித் தாத்தா வந்தார், எதிர்த்த பேக்கரிக்காரம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எல்லாருக்கும் பின்னால், சாம்பல் நிறக் கோட்டில், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாத ஆள் மாதிரி பெரியவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் தாடையால் மூன்றாவது மேசையைக் காட்டினேன். தொடத்தான் கூடாது, தாடையை நீட்டக் கூடாது என்று சட்டம் இல்லை.

போனாள். குவியலை இரண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஆரஞ்சுப் பூ தெரிந்ததும் லபக்கென்று கோட்டைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அப்படியே நேராக நடந்து என்னிடம் வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் அந்தக் கையை நான் கணக்கில் எடுக்கவில்லை. நாள் முழுக்கத் துணியைத் தொட்டே பிழைக்கிற கை அது. சும்மா வருமா? வருகிற வழியில் குவியலின் ஓரத்தில் கசங்கிக் கிடந்த எதையோ பழக்கதோஷத்தில் எடுத்து மடிக்கப் போனாள். கை நின்றுவிட்டது. அந்த நிற்றலை எனக்குத் தெரியும். தங்கைக்கும் அப்படித்தான் நிற்கும். பாசிப் பச்சையில் ஒரு பெண்கள் கோட்டு, கனத்த கம்பளி. அவள் மெதுவாக அதை உள்பக்கம் திருப்பினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பொத்தான் துளை ஒவ்வொன்றும் கையால் தைத்தது. உள்துணியில் எப்போதோ ஒரு கிழிசலை யாரோ நீல நூலால், மறைக்க வேண்டும் என்று நினைக்காமல், நிதானமாகத் தைத்து வைத்திருந்தார்கள். அந்த நீலத் தையல்மேல் விரலை ஓட்டிக்கொண்டே நின்றாள். பிறகு மோந்து பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அது நடந்தது. கோட்டு போட்டுப் பார்க்க இரண்டு கை வேண்டாமா? பழுப்புக் கோட்டை மேசை ஓரத்தில் வைத்தாள். ஒரு கையை நுழைத்தாள், மறு கையை நுழைத்தாள், சுவரோரக் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினாள். ஐயோ என்று நான் முக்காலியிலிருந்து எழுவதற்குள் பேக்கரிக்காரம்மாவின் கை பழுப்புக் கோட்டின்மேல் விழுந்துவிட்டது.

பெரியவள் கண்ணாடியிலேயே அதைப் பார்த்தாள். ஓடிப்போய், அது என் தங்கச்சி கோட்டு, நான்தான் எடுத்தேன், இப்போதுதான் வைத்தேன் என்றாள். பேக்கரிக்காரம்மா கெட்டவள் இல்லை. ஆனால் அவளும் எத்தனையோ தடவை கையை எடுத்துவிட்டு இழந்தவள்தான். அடுப்படியில் வேகிறவளுக்கு வெளியே வந்தால் குளிர் எப்படிக் குத்தும், இந்த வருஷமாவது ஒரு நல்ல கோட்டு வேண்டாமா என்றாள். கடைக்காரர் வந்தார். எல்லாரையும் பார்த்தார். சட்டத்தை ஒரு தடவை மாற்றினால் நாளைக்குப் போர்வை கிழியும் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பேக்கரிக்காரம்மா கோட்டைப் போட்டுப் பொத்தானை மாட்டினாள். அளவெடுத்துத் தைத்தது போல அவளுக்கு அமைந்தது. நான் ஒரு தையல் போட வேண்டியிருக்கவில்லை.

பெரியவள் என் தடுப்புக்குள் வந்து நின்றாள். கீழே தங்கையின் பெட்டியைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது. பச்சைக் கோட்டு இன்னும் உடம்பில்தான் இருந்தது, அது நினைவில்லை அவளுக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் வாயைத் திறக்காத இடங்கள் கொஞ்சம்தான்.

மழையில் நனைந்துகொண்டு கோழி வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. நேரே வந்து பெட்டியைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். சாம்பல் நிறம் தவிர வேறெதிலும் அக்காவைப் பார்த்தறியாதவள் அவள். பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"உன் கோட்டை எடுக்கத்தான்டி வந்தேன். எடுத்துட்டேன். கைல இருந்துச்சு." என்றாள் பெரியவள். "நடுவுல இது வந்து மாட்டிச்சு. போட்டுப் பார்த்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துல அது போயிடுச்சு. என்னை என்ன வேணா சொல்லு. எனக்கு இது வேணும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

கோழி வாசல் பக்கம் திரும்பினாள். தெருவுக்கு எதிரே பேக்கரி வாசலில் பழுப்புக் கோட்டு நின்று யாருக்கோ ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பெரியவள் அவசர அவசரமாகப் பச்சைக் கோட்டின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தாள். இது எனக்கு வேண்டாம், அந்தம்மாவிடம் மாற்றிக் கேட்கிறேன் என்றாள். அப்போது கோழி பெட்டியைப் பொத்தென்று கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அக்காவின் பச்சைக் கோட்டுக் கையைப் பிடித்தாள்.

"கழட்டாத. கையை எடுத்தா போச்சு, தெரியுமில்ல?"

"உன் கோட்டு?"

"அது அந்தம்மாவுக்கு நல்லா இருக்கு. நீ திரும்பு, பார்க்கிறேன்."

பெரியவள் திரும்பினாள். கோழி ஒரு கையை மட்டும் விடுவித்து அக்காவின் காலரை மெல்லத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தாள். நான் பயந்துபோனேன். பெரியவளின் தோள் ஒரு கணம் விறைத்தது, பிறகு இறங்கியது. நீல நூலைப் பார்த்தியா என்று அவளே கேட்டாள். பார்த்தேன் என்றாள் கோழி. தைத்தவர் அவசரமே படாத ஆள் என்றாள். அக்கா அதற்கு, அவசரம் இல்லை, ஆனால் கண் கொஞ்சம் மங்கல், அதனால்தான் நீலம் என்றாள். கப்சா விடுவதில் அக்கா தங்கைக்குச் சளைத்தவள் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காலரைப் பற்றிய அந்தக் கதையை அவள் எப்போது தங்கையிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லிவிட்டாள். பிற்பாடு ஒருநாள் கோழி என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், அதை வைத்துச் சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்து, தலையில் நாலு தொப்பியோடு தொப்பித் தாத்தா வந்தார். தரையில் இருந்த தோல் பெட்டியைப் பார்த்தார், குனிந்து பித்தளைப் பூட்டைத் தடவினார், பிடியில் கையை வைத்தார்.

"இதுல யாரு கையும் இல்லையே?" என்றார்.

அது விற்பனைக்கு இல்லை தாத்தா, அது அவள் விடுதிக்குக் கொண்டுபோகிற பெட்டி என்று நான் கத்தப் போனேன். கோழி என்னைக் கையமர்த்தவில்லை. அவளுக்குத்தான் கை காலியாக இல்லையே. தலையை மட்டும் ஆட்டினாள்.

"எடுத்துக்கோங்க தாத்தா. உள்ள இருக்கிற துணிய மட்டும் இந்த மெஷின் மேசைல கொட்டிட்டுப் போங்க."

அவர் கொட்டிவிட்டுச் சந்தோஷமாகப் போனார். பெரியவள் என் மெஷின் மேசைமேல் குவிந்த தங்கையின் துணிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். எல்லாம் ஊரான் போட்ட துணி. ஒரு கையைக் கோழி விடாமல் பிடித்திருந்ததால் மடிப்பு கோணல்மாணலாக வந்தது. பச்சைக் கோட்டின் கை நீளத்தைக் குறைக்க வேண்டும், கொஞ்சம் விடடி, அளவெடுக்கிறேன் என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். அவள் விடவில்லை. மற்றக் கையை மட்டும்தான் அன்றைக்கு அளவெடுத்தேன்.